நாள் கணக்கு யாருடையது?

வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு முதுகலை மாணவி ஒருத்தி என் மேசையருகே வந்து நின்றாள். "ஒரே ஒரு தடவைதான், மேம். அதுலயே ஆயிடுமா?" என்ன ஆகும் என்பதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அன்று காலைதான் அவளுக்குக் கற்பியல் நடத்தியிருந்தேன்.

தொல்காப்பியம் இந்த நாள் கணக்கை ஒளித்து வைக்கவில்லை. பூப்புக்குப் பின் பன்னிரண்டு நாள் கணவன் மனைவியைப் பிரிந்திருக்கலாகாது என்கிறது. அவன் பரத்தையிடம் போயிருந்தாலும் விதி அதுவே. அது கருத்தோன்றும் காலம் என்பது இளம்பூரணர் தரும் விளக்கம். இன்றைய அறிவோடு வைத்துப் பார்த்தால் இது முற்றிலும் பிழையான கணக்கும் அல்ல. ஆனால் இது பிள்ளை பெறுவதற்கான கணக்கு. பிள்ளை வேண்டாதவள் அந்த நாட்களில் விலகியிருக்கலாமா என்ற கேள்வி அங்கே எழவே இல்லை.

ஐரோப்பிய மருத்துவம் இதைவிடத் தடுமாறியது. பாலூட்டிகளின் கருமுட்டையை 1827இல் வான் பேயர் கண்டறிந்துவிட்டார். அது எப்போது வெளியேறுகிறது என்பதில்தான் குழப்பம். விலங்குகளின் சினைப்பருவத்தைப் போன்றதே பெண்களின் மாதவிடாய் என்று 19ஆம் நூற்றாண்டு மருத்துவர்கள் பலர் நம்பினார்கள். ஆகவே மாதவிடாயை ஒட்டிய நாட்களே ஆபத்தானவை, இரண்டு மாதவிடாய்க்கும் நடுவிலுள்ள நாட்கள் பாதுகாப்பானவை என்று அறிவுரை சொன்னார்கள். உண்மை இதற்கு நேர்மாறானது. அந்த அறிவுரையை நம்பிக் கருவுற்ற பெண்களின் எண்ணிக்கை எந்த நூலிலும் இல்லை.

இந்தக் கணக்கை 1924இல் ஜப்பானிய மருத்துவர் ஒகினோ கியூசாக்கு திருத்தினார். அறுவைச் சிகிச்சையின்போது சினைப்பையில் தாம் கண்டதைப் பெண்கள் சொன்ன மாதவிடாய்த் தேதிகளோடு ஒப்பிட்டார். அடுத்த மாதவிடாய்க்கு 12 முதல் 16 நாட்களுக்கு முன் முட்டை வெளியேறுகிறது என்று வகுத்தார். ஆஸ்திரியாவில் ஹெர்மன் க்னாஸ் தனியாக இதையொத்த முடிவுக்கு வந்தார். கணக்கு பின்னோக்கிப் போவதைக் கவனியுங்கள். அடுத்த மாதவிடாய் வந்த பிறகே, போன மாதம் எந்த நாட்கள் ஆபத்தானவை என்று உறுதியாகத் தெரியும். இதைக் கருத்தடை முறையாக நம்ப வேண்டாம் என்று ஒகினோவே எதிர்த்தார். உலகம் கேட்கவில்லை.

இந்தியாவும் கேட்கவில்லை. அன்றைய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ருத் கௌர் காந்தியவாதி. அவர் ஏற்கக்கூடிய முறையாக இருந்தது இந்த நாள் கணக்கு. 1950களின் தொடக்கத்தில் உலக சுகாதார நிறுவனத்தின் உதவியோடு, பெங்களூருக்கு அருகிலுள்ள ராமநகரத்திலும் டெல்லி லோதி காலனியிலும் முன்னோடித் திட்டம் நடந்தது. பெண்களுக்கு மணிமாலை கொடுத்தார்கள். பச்சை மணி என்றால் பயமில்லை, சிவப்பு என்றால் விலகியிரு. தினம் ஒரு மணியைத் தள்ள வேண்டும். இருட்டில் நிறம் தெரியவில்லை. சிலர் மணியை மறுபுறம் தள்ளினார்கள். சிலர் மாலையே காப்பாற்றும் என்று தாயத்துப்போல அணிந்தார்கள். படிக்காத பெண்களின் அறியாமையைக் காட்டும் வேடிக்கைக் கதையாகவே இது பிறகு சொல்லப்பட்டது. சிவப்பு மணி நாளில் "இன்று வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அந்த வீடுகளில் அவளுக்கு இருந்ததா என்று கேட்டவர்கள் குறைவு. மணியை அவள் தள்ளலாம். அவனை?

தெளிவான எண் கிடைக்க 1995 ஆக வேண்டியிருந்தது. அமெரிக்காவின் வட கரோலினாவில் கருவுற விரும்பிய 221 பெண்கள் நாள்தோறும் தங்கள் சிறுநீரைச் சேகரித்துக் கொடுத்தார்கள். அதைக் கொண்டு ஆலன் வில்காக்ஸ் குழு கண்டது இது: கருவுறும் வாய்ப்பு இருந்தது ஆறே நாட்களில்தான் — முட்டை வெளியேறும் நாளும் அதற்கு முந்தைய ஐந்தும். ஐந்து நாள் முன்பு உறவுகொண்டால் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம். முட்டை வெளியேறும் நாளில் 33. விந்தணு உடலுக்குள் ஐந்து நாள்வரை காத்திருக்கும். முட்டைக்கோ ஒரு நாள் ஆயுள்கூட இல்லை. அதே குழு 2000இல் இன்னொன்றையும் சொன்னது. அந்த ஆறு நாட்களும் நூல்கள் சொல்லும் 10 முதல் 17ஆம் நாளுக்குள் முழுமையாக அடங்கியது சுமார் 30 சதவீதப் பெண்களுக்கு மட்டுமே. மாதவிடாய் ஒழுங்காக வருபவளுக்கும் நாள் மாறலாம்.

இவ்வளவையும் அந்த மாணவியிடம் சொல்லவில்லை. "உட்காரும்மா. கடைசியா எப்ப வந்தது?" என்று கேட்டேன். அவளுக்கு நினைவில்லை. "ஒரு தடவைங்கிறதால ஆகாதுன்னும் இல்ல, ஆகியே தீரும்னும் இல்ல. எந்த நாள்ங்கிறதுதான் கணக்கு" என்றேன். மூன்று நாளுக்குள் வந்திருந்தால் அவசரக் கருத்தடை மாத்திரையைப் பற்றிப் பேசியிருக்கலாம். அது எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. ஆனால் பத்து நாள் ஆகிவிட்டது. நாள் தள்ளினால் உடனே சோதித்துப் பார்க்கச் சொன்னேன். எந்த முடிவு வந்தாலும் மருத்துவரிடம் நானும் கூட வருகிறேன் என்றேன்.

பிறகு என்ன ஆனது என்பது அவளுடைய கதை. எழுதும் உரிமை எனக்கில்லை. அன்று அவள் தன் நோட்டின் கடைசிப் பக்கத்தில் மாதங்களின் பெயரை வரிசையாக எழுதி, எதிரே இடம் விட்டாள். கற்பியலில் இல்லாத அந்தக் கணக்கு அங்கே தொடங்கியது. அதைப் பார்க்கவோ மறைக்கவோ உரிமையுள்ளவள் அவள் மட்டும்தான்.