வாசலில் நின்ற வேட்டி

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது நிதானமாகப் படியுங்கள்.

இப்போது வரும் அழைப்பிதழ்கள் சிலவற்றில் கடைசி வரியாக ‘ஸ்மார்ட் கேஷுவல்’ என்று போட்டிருக்கிறது. மிடுக்காகவும் இருக்க வேண்டும், சாதாரணமாகவும் இருக்க வேண்டும் என்று பொருளாம். இருபது வயதுப் பையனுக்கு இதில் சிக்கல் இல்லை. எழுபதை நெருங்கும் என்னைப் போன்றவர்களை ‘பெரியவர், வேட்டியில் வந்தால் வரட்டும்’ என்று விட்டுவிடுவார்கள். நாற்பதுக்கும் அறுபதுக்கும் இடையில் இருப்பவர்கள்தான் திண்டாடுகிறார்கள். ஜவ்வாது மலையில் என்னிடம் படித்துவிட்டு இன்று வெளியூரில் வேலை பார்க்கும் பிள்ளைகள் சிலர், “சார், இதுக்கு வேட்டி கட்டிட்டுப் போகலாமா?” என்று கேட்கிறார்கள். கேள்வி சின்னது. அதற்குப் பின்னால் பெரிய வரலாறு இருக்கிறது.

முதலில் இந்த ஆங்கிலப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். 1960களில் ஹவாய்த் தீவுகளில் வெள்ளிக்கிழமை தோறும் பூப்போட்ட சட்டையில் அலுவலகம் வரலாம் என்று ஒரு வழக்கம் தொடங்கியது. பிறகு அது அமெரிக்கா முழுக்கப் பரவியது. லீவைஸ் நிறுவனம் 1986-இல் ‘டாக்கர்ஸ்’ என்ற பெயரில் காக்கி பேன்ட் விற்கத் தொடங்கியது. 1992-இல் அலுவலகத்துக்குச் சாதாரண உடையில் எப்படி வருவது என்று ஒரு கையேடு அச்சிட்டு, சுமார் 25,000 மனிதவள மேலாளர்களுக்கு அனுப்பி வைத்தது. பேன்ட் விற்க வந்தவர்கள் எழுதிய பாடம் அலுவலக விதியாகிவிட்டது. இதைப் போய் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

நம் ஊரிலும் இந்தக் கலப்பு உடை புதிதல்ல. பாரதியார் 1904-இல் மதுரை சேதுபதி பள்ளியில் தமிழாசிரியராகச் சில மாதம் இருந்தார். அவருடைய புகைப்படத்தை எல்லோரும் பார்த்திருப்போம். தலையில் முண்டாசு, மேலே கோட்டு. அந்தக் காலத்து வக்கீல், வாத்தியார், குமாஸ்தா பலருடைய உடையும் ஏறக்குறைய அதுதான். இடுப்பில் வேட்டி நம்முடையது, மேலே கோட்டு வெள்ளைக்காரனுடையது. ஆசிரியராக இருந்து குடியரசுத் தலைவரான ராதாகிருஷ்ணன் 1936-இல் ஆக்ஸ்போர்டில் பேராசிரியர் ஆனார். தலைப்பாகையும் நீண்ட கோட்டும் கடைசிவரை அவருடைய அடையாளம். அவர்கள் காலத்து ஸ்மார்ட் கேஷுவல் அது என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்று நாம் ‘மரபு உடை’ என்று சொல்லும் வேட்டி சட்டையில், சட்டை பின்னால் வந்து சேர்ந்தது. அந்தச் சட்டையை எல்லோரும் சுலபமாகப் போட்டுவிடவும் இல்லை. 1930 டிசம்பரில் ராமநாதபுரம் பகுதியில் ஆதிக்க சாதியினர் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். முழங்காலுக்குக் கீழே துணி தொங்கக் கூடாது. இடுப்புக்கு மேலே துணி கூடாது. கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது. குடை பிடிக்கக் கூடாது, செருப்பு அணியக் கூடாது. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன் சாதி பற்றி எழுதிய நூலில் இது பதிவாகியிருக்கிறது. தடையை மீறியவர்களின் குடிசைகள் கொளுத்தப்பட்டன. ஒரு பனியனுக்காக வீட்டை இழந்தவர்கள் வாழ்ந்த நாடு இது. தோளில் போட வேண்டிய துண்டை இடுப்பில் கட்ட வைத்த காலத்தையும் நாம் மறக்கக் கூடாது.

இதே காலத்தில் இரண்டு தலைவர்களைப் பாருங்கள். காந்தி 1921 செப்டம்பர் 22 அன்று மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்தபோது, ஏழைகள் உடுத்தும் அளவு துணியே போதும் என்று முடிவெடுத்து மேலாடையைத் துறந்தார். பத்து வருடம் கழித்து லண்டனில் மன்னரைப் பார்க்கப் போனபோதும் அரைவேட்டியில்தான் போனார். அம்பேத்கரோ கோட்டும் டையும் அணிந்து நின்றார். உடுத்தக் கூடாது என்று தடுக்கப்பட்ட மக்களுக்கு அந்தக் கோட்டே ஒரு பதில். ஒருவர் கழற்றினார், ஒருவர் அணிந்தார். ‘என் உடம்பில் என்ன துணி இருக்க வேண்டும் என்பதை நான் முடிவு செய்வேன்’ என்பதில் இருவரும் ஒன்றுதான்.

துணியின் மதிப்பு துணியில் இல்லை என்பதற்கு இன்னொரு கதை. 1958-இல் ஜேக்கப்சன் என்ற அமெரிக்க வியாபாரி, கிருஷ்ணன் நாயரிடமிருந்து (பிற்காலத்தில் லீலா ஹோட்டல்களைத் தொடங்கியவர்) சென்னைக் கட்டம் போட்ட கைத்தறித் துணியை வாங்கிப் போனார். நம் லுங்கிக் கட்டத்துக்கு உறவுக்காரத் துணி அது. நியூயார்க்கின் பெரிய துணிக்கடையான புரூக்ஸ் பிரதர்ஸ் அதில் சட்டை தைத்து விற்றது. துவைத்தால் சாயம் போகும் என்பதை யாரும் வாங்கியவர்களிடம் சொல்லவில்லை. புகார் குவிந்தது. அப்புறம் விளம்பரக்காரர்கள் ‘சாயம் போவதுதான் இதன் பெருமை’ என்று திருப்பிப் போட்டார்கள். ‘மெட்ராஸ்’ என்ற பெயரிலேயே அது பணக்கார அமெரிக்கர்களின் கோடைக்கால உடை ஆனது. அங்கே கட்டம் போட்ட துணி கிளப்புக்குள் நுழைந்தது. இங்கே கட்டம் போட்ட துணி கட்டியவர் கிளப் வாசலைத் தாண்ட முடியாது.

கட்டம் போட்டது மட்டுமா? வெள்ளை வேட்டிக்கும் அதே கதிதான். 2014 ஜூலையில் சென்னை சேப்பாக்கத்தில் உள்ள கிரிக்கெட் சங்க கிளப்பில் ஒரு புத்தக வெளியீட்டு விழா. அதற்கு வேட்டி சட்டையில் போன உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமன் உள்ளே விடப்படவில்லை. மூத்த வழக்கறிஞர்களுக்கும் அதே அனுபவம். வெள்ளைக்காரன் காலத்தில் எழுதிய கிளப் விதிகளின் வாசனை, அவன் போய் 67 வருடம் ஆகியும் போகவில்லை. சட்டமன்றத்தில் எல்லாக் கட்சியும் கண்டித்தன. அன்றைய முதல்வர் ஜெயலலிதாவின் அரசு ஆகஸ்டிலேயே சட்டம் கொண்டுவந்தது. தமிழர் பண்பாட்டைக் காட்டும் வேட்டியோ வேறு இந்திய மரபு உடையோ அணிந்து வருபவரை, அந்தக் காரணத்துக்காக கிளப், அரங்கம் போன்ற பொது இடங்களில் தடுக்கக் கூடாது. தடுத்தால் ஒரு வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், கிளப்பின் உரிமமும் ரத்தாகலாம்.

2019-இல் அரசு ஊழியர்களுக்கு வந்த உடை ஆணையிலும், ஆண்கள் பேன்ட் சட்டையோடு வேட்டியும் அணியலாம் என்று தெளிவாக இருக்கிறது. ஆக, ‘வேட்டி கட்டிப் போகலாமா’ என்ற கேள்விக்குச் சட்டம் பதில் சொல்லிவிட்டது.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். தடுக்கப்பட்டவர் நீதிபதி. அதனால் ஒரே மாதத்தில் சட்டம் வந்தது. ஜவ்வாது மலையிலிருந்து சாமையும் புளியும் தேனும் கொண்டு போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்கும் மலையாளி இனத்துப் பெரியவர், எந்தெந்த வாசலில் எத்தனை முறை நின்றிருப்பார்? அதற்குப் பதிவு இல்லை. பெற்றோர் கூட்டம் என்றால் அம்மாக்கள் வந்துவிடுவார்கள். சில அப்பாக்கள் மட்டும் கேட்டுக்கு வெளியே புளியமரத்தடியில் நிற்பார்கள். லுங்கியும் பழைய ஸ்வெட்டரும் தலையில் துண்டும். “உள்ளே வாங்க” என்றால், “பரவால்ல சார், நான் இப்டியே வந்துட்டேன்” என்பார்கள். அவர்களை யாரும் தடுக்கவில்லை. வாசலைத் தங்கள் மனதுக்குள்ளேயே தூக்கிக்கொண்டு வந்திருந்தார்கள். மார்கழிக் குளிரில் மலையில் அந்த உடைதான் புத்திசாலித்தனமான உடை. அதைச் சொல்லித்தான் கையைப் பிடித்து உள்ளே அழைத்து வருவோம். பிள்ளையின் மார்க் பட்டியலில் கையெழுத்துப் போட அப்பாவுக்கு பேன்ட் எதற்கு?

அவர்களுடைய பிள்ளைகளுக்குத்தான் இன்று நாற்பது, நாற்பத்தைந்து வயது. அவர்களுக்கு என் யோசனை இதுதான். துவைத்துத் தேய்த்த வேட்டி, தோளில் சரியாக உட்காரும் அரைக்கைச் சட்டை, துடைத்த செருப்பு. இது எந்த அழைப்பிதழுக்கும் போதும். பேன்ட்தான் வசதி என்றால் அதைப் போடுங்கள், அதிலும் தவறில்லை. வயிற்றை மறைக்க இறுக்கமான டி-ஷர்ட் மட்டும் வேண்டாம், அது மறைக்காது.

இன்னொன்று. நீங்கள் அலுவலகத்தில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருபவராக இருந்தால், லுங்கியில் ஒருவர் தயங்கி நிற்கும்போது நீங்களே முதலில் “வாங்க, உட்காருங்க” என்று சொல்லிவிடுங்கள். சட்டம் வேட்டியைப் பெயர் சொல்லி உள்ளே விட்டது. லுங்கியை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. அந்த மிச்சத்தை நாம்தான் நிரப்ப வேண்டும்.

உங்கள் அப்பா, தாத்தா வெளியூர் போகும்போது என்ன உடுத்தினார்கள்? நினைவிருப்பவர்கள் எழுதுங்கள். படிக்கக் காத்திருக்கிறேன்.