வெளியேறியும் வெளியேறாதவர்: அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் ‘அட்வான்ஸ் பரோல்’ உருவான வரலாறு

அமெரிக்கக் குடிமகளை அல்லது குடிமகனை மணந்து, அங்கிருந்தபடியே ஐ-485 விண்ணப்பம் போட்டுவிட்டுக் கிரீன் கார்டுக்குக் காத்திருப்பவர், முன்கூட்டியே அனுமதித் தாள் வாங்காமல் நாட்டைவிட்டுக் கிளம்பினால், விண்ணப்பத்தைக் கைவிட்டவராகவே பொதுவாகக் கொள்ளப்படுவார். ஊரில் தகப்பனாரின் காரியம் என்றாலும் விதி அதுவே. அந்த அனுமதித் தாள்தான் அட்வான்ஸ் பரோல். அதன் இயல்பு என்ன என்று கேட்டால், வழக்கறிஞர்களும் நீதிமன்றங்களும் எடுத்துக்காட்டுவது 1998இல் குடியேற்ற மேல்முறையீட்டு வாரியம், ஜி-ஏ-சி என்னும் முதலெழுத்துகளால் அறியப்படும் வழக்கில் தந்த விளக்கத்தை. திரும்பி வந்தால் நுழையத் தகுதியற்றவராகிவிடுவோம் என்று அறிந்த ஒருவருக்கு, ‘போய் வா, வந்தால் நிபந்தனையோடு உள்ளே விடுகிறோம்’ என்று மாவட்ட அதிகாரி மனிதாபிமான அடிப்படையில் முன்னதாகத் தெரிவிக்கும் ஏற்பாடு இது என்பதே அவ்விளக்கத்தின் சாரம். இந்த மனிதாபிமான வாசிப்பு வரலாற்றுக்குப் பொருந்தவில்லை என்பது இக்கட்டுரையின் வாதம்.

வாரியத்தின் பக்கமும் நியாயம் உண்டு. 1952ஆம் ஆண்டின் குடியேற்றம் மற்றும் குடியுரிமைச் சட்டத்தில் முறையான நுழைவனுமதி இல்லாதவரைத் தற்காலிகமாக உள்ளே விடும் பரோல் அதிகாரத்தைத் தரும் 212(டி)(5) பிரிவு, அவசரக் காரணங்களுக்காகவோ பொதுநலன் கருதியோ மட்டுமே அதைப் பயன்படுத்தச் சொன்னது. 1996இல் அந்த வாசகம் மேலும் இறுகி, ஒவ்வொருவரின் நிலையையும் தனித்தனியே பார்த்து, உடனடி மனிதாபிமானக் காரணம் அல்லது கணிசமான பொதுப்பயன் இருந்தால் மட்டுமே என்று ஆனது. இரண்டு ஆண்டுகள் கழித்துத் தீர்ப்பெழுதிய வாரியம் அந்த வாசகத்தின் நிழலில் நின்று பேசியதில் வியப்பில்லை. வாரியத்தின் முன்னிருந்த கேள்வியும் குறுகியது: இத்தாளோடு திரும்பியவரின் விண்ணப்பம் தோற்றால் அவரை எந்த வகை விசாரணையில் நிறுத்துவது? அதற்கு விடை சொல்லும் அவசரத்தில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரையறை, பிறகு தாளின் பிறப்புச் சான்றிதழாகவே ஆகிவிட்டது. தாளுக்குச் சட்ட அடைக்கலம் தந்த பிரிவு வேறு, தாளைத் தேவையாக்கிய நிலைமை வேறு. வாரியம் முதலாவதைப் பார்த்து இரண்டாவதற்கு விடை சொல்லிவிட்டது.

அந்த நிலைமையைப் புரிந்துகொள்ள 1952க்கு முன் போக வேண்டும். 1924ஆம் ஆண்டின் ஒதுக்கீட்டுச் சட்டம் அமலில் இருந்த காலத்தில், உள்நாட்டில் இருந்துகொண்டே நிரந்தர வாசியாக மாறப் பொதுவாக வழி இல்லை. குடியேற்ற விசா வெளிநாட்டிலுள்ள தூதரகத்தில்தான் கிடைக்கும். இந்த இக்கட்டைத் தளர்த்த 1935இல் முன்பரிசோதனை என்றொரு நடைமுறை தொடங்கியது. அமெரிக்காவிலேயே அதிகாரிகள் ஆளைப் பரிசோதித்து, தடையேதும் இல்லை என்று உறுதி செய்த பிறகு, அவர் கனடா சென்று அங்குள்ள அமெரிக்கத் தூதரகத்தில் விசா பெற்று, எல்லை கடந்து முறையான குடியேறியாகத் திரும்பி வருவார். குடிமக்களை மணந்திருந்தவர்கள் பலர் இவ்வழியில் தம் நிலையைச் சீராக்கிக்கொண்டார்கள். பெரும்பாலும் ஐரோப்பியருக்கே இந்தக் கதவு திறந்தது என்பதை வரலாற்றாசிரியர் மே ங்காய் தம் ஆய்வில் காட்டியிருக்கிறார். அதைத் திரும்பச் சொல்லத் தேவையில்லை. நமக்கு வேண்டியது வேறு. அந்நாளில் வெளியே போய் வருவதுதான் நடைமுறை. போகாவிட்டால் காரியம் நடக்காது.

1952இன் 245ஆம் பிரிவு இதைத் தலைகீழாக்கியது. உள்ளிருந்தே நிலைமாற்றம் செய்துகொள்ளலாம் என்று வந்ததும், உள்ளே இருப்பதே விண்ணப்பத்தின் உயிர்நாடியாகிவிட்டது. விண்ணப்பதாரர் வெளியே போனால், எதை மாற்றக் கேட்டாரோ அந்த நிலையே அவரிடம் இல்லாமல் போகிறது. கைவிடுதல் விதி இந்தத் தர்க்கத்திலிருந்து பிறந்தது. ஆகவே, பயணம் செய்யும் விண்ணப்பதாரரின் துன்பம் அவருடைய குடும்பத்தில் நேர்ந்த விபத்தால் வந்ததல்ல. சட்டம் தன் வசதிக்காகச் செய்துகொண்ட இடமாற்றத்தால் வந்தது. தான் உண்டாக்கிய ஓட்டையைத் தானே அடைப்பதைக் கருணை என்று சொல்லும் வழக்கம் நிர்வாகங்களுக்கு உண்டு.

இனி, காலக் கணக்கு. அட்வான்ஸ் பரோல் எந்த ஆண்டு பிறந்தது? 1952இல் எழுதப்பட்ட 245ஆம் பிரிவு, முறைப்படி அனுமதிக்கப்பட்டு உள்ளே வந்தவருக்கு மட்டுமே உரியது. பரோலில் வந்தவருக்கு அதில் இடமில்லை. 1958இல் லெங் மே மா வழக்கில் உச்ச நீதிமன்றம், பரோலில் இருப்பவர் உடலால் நாட்டுக்குள் இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் வாசலிலேயே நிற்பவர் என்று மறுபடி உறுதி செய்தது. 1960 ஜூலையில் வந்த திருத்தம்தான் அனுமதிக்கப்பட்டவர் என்பதோடு பரோல் பெற்றவரையும் சேர்த்தது. பரோலில் திரும்பி வந்து பழைய விண்ணப்பத்தைத் தொடர்வது பொருளுள்ள செயலாவது இந்தத் திருத்தத்துக்குப் பிறகே. மறுபக்கம், 1983இல், கீழே பார்க்கப்போகும் ஜோஷி வழக்கில் தீர்ப்பு வரும்போது, அட்வான்ஸ் பரோலுக்கான ஐ-512 தாள் புழக்கத்திலுள்ள சாதாரணப் பொருளாக இருக்கிறது. ஆக, நிலைமாற்ற விண்ணப்பதாரருக்கான தாள் 1960க்கும் 1983க்கும் இடையில் உருவெடுத்தது என்ற அளவில் நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் நெருக்கிச் சொல்வது சான்றை மீறுவதாகும்.

தாளின் வாசகத்துக்கு வருவோம். ஒரே கல்வெட்டில் பிற்கால வரிகள் சேர்ந்திருப்பதைப் போல இதில் அடுக்குகள் தெரிகின்றன. அடியில் இருப்பது எளிய வரி: இந்தத் தாளைக் குறித்த தேதிக்குள் காட்டினால், எல்லை அதிகாரி இவரை 212(டி)(5) பிரிவின்கீழ் பரோலில் விட இடமுண்டு. இதில் உறுதிமொழி இல்லை, இடம் கொடுத்தல் மட்டுமே இருக்கிறது.

அதன்மேல் ஏறியது, விண்ணப்பம் தோற்றால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கை. இதற்குப் பின்னால் ஜோஷி வழக்கு நிற்கிறது. அவர் இந்தியர், தாள் வாங்கிக்கொண்டு வெளியே போய்த் திரும்பினார், விண்ணப்பம் தோற்றது. அரசு அவரை வாசலில் நிற்பவராகக் கருதி நுழைவு மறுப்பு விசாரணையில் நிறுத்தியது. உள்ளே இருப்பவருக்கான நாடுகடத்தல் விசாரணையில்தான் அன்று பாதுகாப்புகள் அதிகம். நான்காவது சர்க்யூட் நீதிமன்றம், போகும்முன் அவருக்கு இருந்த நிலையிலேயே அவரை விசாரிக்க வேண்டும் என்றது. 1995இல் ஒன்பதாவது சர்க்யூட் நவாரோ-ஐஸ்புரா வழக்கில், உரிமை பறிபோகும் என்று சொல்லாமலே தாளைக் கொடுத்துவிட்டுப் பிறகு பறிக்கக் கூடாது என்ற வழியில் சென்றது. அடுத்த ஆண்டு, அதே நீதிமன்றத்தில், பார்னி வழக்கில் எச்சரிக்கை பெற்றுக்கொண்டு போனவருக்கு அந்த வாதம் எடுபடவில்லை. எச்சரிக்கை வரி எந்த ஆண்டு ஏறியது என்று இவ்வழக்குகளை மட்டும் வைத்துத் திட்டமாகச் சொல்ல முடியாது. எல்லா அலுவலகங்களிலும் ஒரே நாளில் ஏறியது என்றும் கொள்ள வேண்டியதில்லை. ஏன் ஏறியது என்பதில் எனக்கு ஐயம் இல்லை. வழக்கில் தோற்ற தரப்பு தன் பத்திரத்தில் சேர்த்துக்கொண்ட நிபந்தனை அது. கருணையோடு கொடுக்கும் கை, கொடுத்ததைச் சுருக்க இத்தனை வரி எழுதாது.

மூன்றாம் அடுக்குக்குத் தேதி தெளிவாகவே இருக்கிறது. 1996ஆம் ஆண்டுச் சட்டம், 180 நாளுக்கு மேல் அனுமதியின்றித் தங்கிவிட்டு வெளியேறியவருக்கு மூன்றாண்டுத் தடையும், ஓராண்டும் அதற்கு மேலும் தங்கியவருக்குப் பத்தாண்டுத் தடையும் விதித்தது. கணக்கு 1997 ஏப்ரல் 1 முதல் தொடங்கியது. அந்தத் தேதிக்குப் பின் 180 நாளுக்கு மேல் அப்படித் தங்கியவர் திரும்பும்போது தகுதியற்றவராகக் காணப்படலாம் என்ற வரி தாளில் ஏறியது. போகலாம் என்று அனுமதிக்கும் தாளே, போனால் கெட்டாய் என்றும் சொல்லத் தொடங்கியது.

திருமண விண்ணப்பதாரர்மீதுதான் இந்த வரியின் பாரம் பெரும்பாலும் விழுந்தது. வேலைவழி விண்ணப்பதாரர், தங்கும் அனுமதி காலாவதியாகி நீண்ட நாள் ஆகியிருந்தால், பொதுவாக உள்நாட்டில் நிலைமாற்றமே செய்துகொள்ள முடியாது. குடிமக்களின் கணவன் மனைவியருக்கு 245(சி) பிரிவு விலக்கு தருகிறது: முறையாக நுழைந்திருந்தால் போதும், ஐந்து வருடம் கூடுதலாகத் தங்கியிருந்தாலும் விண்ணப்பிக்கலாம். அதாவது நாட்டைவிட்டு நகராதவரை அவர்களுக்குத் தடை இல்லை. தாளை வாங்கிக்கொண்டு தாயைப் பார்க்கப் போய் வந்தால், நேர்காணல் மேசையில் பத்தாண்டுத் தடை காத்திருந்தது. விலக்கு பெற்றிருந்தவர்களே பொறியில் விழக்கூடியவர்களாக இருந்தார்கள்.

2012 ஏப்ரலில் வாரியம் அரபள்ளி வழக்கில் இந்தப் பொறியை அகற்றியது. வழக்கு ஓர் இந்தியத் தம்பதியுடையது. திருமணவழி விண்ணப்பம் அல்ல, வேலைவழி. முதிய பெற்றோரைப் பார்க்கத் தாளோடு இந்தியா போய் வந்திருந்தார்கள். அட்வான்ஸ் பரோலில் போய் வருவது, பத்தாண்டுத் தடையைத் தூண்டும் வகையான வெளியேற்றம் அல்ல என்று வாரியம் முடிவு செய்தது. காரணம் கவனிக்கத்தக்கது: தாள் பெற்றுப் போகிறவர், திரும்பி வந்து விட்ட இடத்திலிருந்து விண்ணப்பத்தைத் தொடரலாம் என்ற புரிதலோடு போகிறார், அரசும் அதே புரிதலோடு அனுப்புகிறது. இதில் கருணைக்கு என்ன வேலை? இது இரு தரப்புக்கும் தெரிந்த ஓர் உடன்பாட்டின் மொழி. 1998இல் தான் எழுதிய வரையறையை வாரியம் வெளிப்படையாகக் கைவிடவில்லை. ஆனால் 2012இன் தர்க்கம் அதன்மேல் நிற்கவில்லை. ஜோஷி தீர்ப்பின்மேல்தான் நிற்க முடியும். அரபள்ளியைப் புதிய வெளிச்சமாகக் கொண்டாடுவோர் இந்த 29 ஆண்டு முன்வரலாற்றை விட்டுவிடுகிறார்கள்.

மனிதாபிமான வாசிப்புக்கு எதிரான மிக வலுவான சான்று 1999இல் கிடைக்கிறது. அந்த ஆண்டு ஜூலை முதல், எச்-1பி, எல்-1 விசா வைத்திருப்போரும் அவர்களைச் சார்ந்தோரும் அட்வான்ஸ் பரோல் இல்லாமலே பயணம் செய்து, அதே விசாவில் திரும்பி விண்ணப்பத்தைத் தொடரலாம் என்று விதி மாறியது. சென்னைக்கும் கோவைக்கும் விடுமுறைக்கு வந்து போகும் மென்பொருள் ஊழியர் குடும்பங்கள் பல இந்த விதியில்தான் பறக்கின்றன. இவர்களுக்கு மனிதாபிமானம் தேவைப்படாமல் போய்விட்டதா? இல்லை. திரும்பி நுழைய இவர்களிடம் வேறொரு சட்ட ஆதாரம் இருக்கிறது, அவ்வளவே. மாணவர் விசாவில் வந்து குடிமகளை மணந்தவரிடம் அது இல்லை. அட்வான்ஸ் பரோல் நிரப்புவது அந்தக் காலியிடத்தை.

இனிச் சொல்வதற்கு ஆவணத் தொடர்ச்சி கிடையாது. ஆனாலும் சொல்லியாக வேண்டும். முன்கூட்டியே தரும் திரும்பும் தாளுக்கு மூதாதை பரோல் அல்ல, 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் தந்த திரும்புச் சான்றிதழ் என்று கருதுகிறேன். சான் பிரான்சிஸ்கோவில் 1875 முதல் வாழ்ந்த சே சான் பிங், 1887இல் அந்தச் சான்றிதழோடு சீனா போனார். 1888 செப்டம்பரில் ஹாங்காங்கில் பெல்ஜிக் கப்பல் ஏறினார். அவர் கடலில் இருந்தபோது, அக்டோபர் 1 அன்று ஸ்காட் சட்டம் அத்தகைய சான்றிதழ்கள் அனைத்தையும் செல்லாதவை ஆக்கியது. சுமார் 20,000 பேரின் கையிலிருந்தவை வெறுந்தாளாயின. 8ஆம் தேதி துறைமுகம் சேர்ந்தவரை இறங்க விடவில்லை. மறு ஆண்டு உச்ச நீதிமன்றமும் அதை ஆமோதித்தது. 1882இன் அதிகாரிகளைப் பிற்கால அதிகாரிகள் படித்துத்தான் தாளை வடிவமைத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. அமைப்பு ஒன்று என்கிறேன்: உள்ளே இருப்பவருக்குப் புறப்படும்முன் தரப்படும் தாள், திரும்பும்வரை செல்லும் என்ற நம்பிக்கை, தந்தவரே ரத்து செய்ய முடியும் என்ற ஏற்பாடு. சீனர் கையிலிருந்த சான்றிதழை யாரும் மனிதாபிமானச் சலுகை என்று எழுதவில்லை.

இதற்கு மாறாக மெசெய் வழக்கைக் காட்டுவார்கள். பஃபலோவில் 25 ஆண்டு வாழ்ந்து, மனைவியை அங்கே விட்டுவிட்டு, சாகக் கிடந்த தாயைப் பார்க்க 1948இல் ருமேனியாவை நோக்கிப் புறப்பட்டவர் அவர். மறுநுழைவு அனுமதி எடுத்துக்கொள்ளவில்லை. 1950இல் திரும்பியவரை எல்லிஸ் தீவில் நிறுத்தினார்கள். 1953இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்த்தது. அடுத்த ஆண்டு பரோலில்தான் வெளியே வந்தார். இங்கே பரோல் கருணையாகச் செயல்பட்டது உண்மையே. ஆனால் அது கெட்டபின் வந்த பரோல். புறப்படும்முன் தரும் தாளின் வேலை, அந்தக் கருணையைக் கேட்கும் நிலையே வராமல் பார்ப்பது. இரண்டையும் ஒரே பிரிவு தாங்குகிறது என்பதற்காக ஒன்றாக்க வேண்டியதில்லை.

2007 ஜூலை முதல் இந்தத் தாளுக்கான கட்டணம் ஐ-485 கட்டணத்துக்குள்ளேயே அடங்கியிருந்தது. 2024 ஏப்ரல் 1 முதல் மறுபடி தனியே 630 டாலர் கட்ட வேண்டியதாயிற்று. இடையில் 2017இல், தாள் கைக்கு வருமுன் கிளம்பியவர்களின் பரோல் விண்ணப்பங்களை நிராகரிக்கவும் தொடங்கினார்கள். அரபள்ளித் தீர்ப்போ சட்டமன்றம் இயற்றியது அல்ல. அட்டர்னி ஜெனரல் நினைத்தால் அதைத் தம் முன் வரவழைத்து மாற்றி எழுதலாம். பத்தாண்டுத் தடையைப் பற்றி மட்டுமே பேசிய தீர்ப்பு என்பதும் நினைவில் இருக்க வேண்டும். விண்ணப்பம் நிலுவையில் இருப்பவர் போய் வருவது வெளியேற்றம் ஆகாது என்று 245ஆம் பிரிவிலேயே எழுதிச் சேர்ப்பதுதான் முறை. அதுவரை, தாளின் முகப்பை மட்டும் பார்த்து விமானச் சீட்டு எடுக்க வேண்டாம். எச்சரிக்கை வரிகளையும் படித்து, தன் தங்கல் நாட்களை ஒரு வழக்கறிஞரிடம் எண்ணிக் காட்டிவிட்டுப் புறப்படுவதே நல்லது.