குருதிக்குழாயை அளந்த கதை

புதுச்சேரி நகரின் வடபுறக் கடலோரத்தில் உள்ளது குருசுக்குப்பம். பிரெஞ்சு ஆட்சி 1954-இல் இவ்வூரை விட்டு அகன்றது. ஆயினும் இதய மருத்துவர்கள் இன்றும் 'பிரெஞ்சு' என்ற சொல்லை விடவில்லை. புதுச்சேரியில் மட்டுமல்ல, உலகெங்கும் 'ஆறு பிரெஞ்சு கதீட்டர்' என்றே கேட்கிறார்கள். இது ஓர் அளவு. மூன்று பிரெஞ்சு, ஒரு மில்லிமீட்டர் விட்டம். ஆறு பிரெஞ்சு, இரண்டு மில்லிமீட்டர். 19-ஆம் நூற்றாண்டில் பாரிசில் மருத்துவக் கருவிகள் செய்த ஷாரியேர் வகுத்த முறை இது.

கதீட்டரின் அளவு நமக்குத் தெரியும். அது நுழையும் குருதிக்குழாயின் அளவை அறிவது எப்படி?

அளவு ஏன் முக்கியம்?

பாரிஸ் மருத்துவர் புவாசேய் 1840-களில் ஓர் உண்மையைக் கண்டறிந்தார். குழாயின் ஆரம் குறைந்தால், அதில் பாயும் நீர்மம் ஆரத்தின் நான்காம் படிக்கு ஏற்பக் குறையும். மூன்று மில்லிமீட்டர் குழாய் 2.7 ஆகச் சுருங்கினாலே, அதே அழுத்தத்தில் ஓட்டம் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிடும்!

1929-இல் ஜெர்மனியில் ஃபோர்ஸ்மன் தம் கைச் சிரை வழியே தம் இதயத்துக்குள் குழாய் செலுத்தினார். 1977-இல் சூரிச்சில் குருயென்ட்சிக் அடைபட்ட இதயத் தமனியைப் பலூனால் விரித்தார். சென்னையில் மருத்துவர் மாத்யூ சாமுவேல் களரிக்கல் 1980-களில் இச்சிகிச்சையை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார். பின்னர் உலோக வலையான ஸ்டென்ட் வந்தது. அது சிறியதாயின் சுவரில் படியாது, குருதி உறையலாம். பெரியதாயின் சுவர் கிழியலாம். எக்ஸ்ரே படத்தில், அளவு தெரிந்த கதீட்டரையே அடிக்கோலாகக் கொண்டு தமனியை மதிப்பிடுவர். ஆனால் படம் வெறும் நிழல். குழாயின் உட்புறம் வட்டமாக இல்லாதபோது அது ஏமாற்றிவிடும்.

மின்சாரம் சொல்லும் அளவு

1980-களில் நெதர்லாந்தின் லைடன் நகரில் பான் என்பவரும் குழுவினரும் மின்முனைகள் பதித்த கதீட்டரால் இதய அறையின் கொள்ளளவை அளந்தனர். இம்முறையை 2000-களில் அமெரிக்காவில் கசாப் குழுவினர் குருதிக்குழாய்க்குப் பொருத்தினர்.

கதீட்டரிலோ மெல்லிய வழிகாட்டுக் கம்பியிலோ நான்கு மின்முனைகள் இருக்கும். வெளி இரண்டின் வழியே மிக மெல்லிய மாறுமின்னோட்டம் செல்லும். உள் இரண்டும் மின்னழுத்தத்தை அளக்கும். அகன்ற வாய்க்காலில் நீர் தடையின்றி ஓடுவதுபோல, அகன்ற குழாயில் மின்சாரம் எளிதில் கடக்கும்.

ஆனால் மின்சாரத்தில் ஒரு பகுதி சுவர் வழியே வெளியே கசிகிறதே! இதற்கு எளிய கணக்கு உண்டு. செறிவு வேறுபட்ட இரு உப்பு நீர்களை அடுத்தடுத்துச் செலுத்தி, இருமுறை அளக்க வேண்டும். கசிவு இரண்டிலும் ஒன்றே. ஓர் அளவிலிருந்து மற்றதைக் கழித்தால் அது மறைந்துவிடும். மீதியிலிருந்து குறுக்குப் பரப்பு கிடைக்கும். பரப்பு ஏழு சதுர மில்லிமீட்டர் எனில், விட்டம் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர்.

சுவரில் படிந்திருப்பது கொழுப்பா, சுண்ணமா என்பதை இம்முறை காட்டாது. அதற்குக் கேளா ஒலியும் ஒளியும் கொண்ட கருவிகள் உள்ளன. அவையே இன்று மிகுதியாகப் பயன்படுகின்றன. எனினும், பள்ளியில் நாம் படிக்கும் ஓமின் விதியும் ஒரு கழித்தல் கணக்கும் சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத இதயத் தமனியை அளந்துவிடுகின்றன அல்லவா?