எழுத்தைத் தாங்கிய பொருள்கள்

எழுத்து உயிரெனின், அதனைத் தாங்கும் பொருள் உடலாகும். கல், ஓலை, ஈயம் என உடல் மாறி வந்தும் தமிழெழுத்து நிலைபெற்ற வரலாறு மெய்யன்பர்கள் அறியத்தக்கது.

திருமழபாடித் திருக்கோயில் விமானத்தைப் பிரித்துப் புதுக்குமாறு முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். அங்ஙனம் பிரிக்குமுன் சுவரிலிருந்த கல்வெட்டுக்களைப் படியெடுக்கவும் பணித்தான். முதலாம் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லிற் பொறிக்கப்பட்டன. கொடையாளர் செய்த அறம் அழியாது நின்றது.

கல்லுக்கு உளி, ஓலைக்கு எழுத்தாணி. ஓலையிற் புள்ளி அழுந்தினால் துளைபடும். ஆதலின் ஏடெழுதுவோர் பெரும்பாலும் அதனை இடாது விடுத்தனர். எகர ஒகரங்களின் குறிலும் நெடிலும் வடிவால் வேறுபட்டில. 'பொன்' என்பதும் 'போன' என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே தோன்றும். ஆசிரியர்பாற் பாடங்கேட்டவரே பிழையற ஓத வல்லவராயினர்.

பின்னர் அச்சு வந்தது. 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் 16 பக்கக் கிறித்தவச் சிறுநூல் தமிழெழுத்தில் அச்சாயிற்று. 1706இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு பாதிரியாருக்கு, செர்மனியின் ஆலே நகரில் வார்த்த தமிழெழுத்துக்கள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை வடிவிற் பெரியன. காகிதத்தை மிகுதியாக விழுங்கின. காகிதமோ கடல் கடந்து வரவேண்டிய அரும்பொருள். சிற்றெழுத்து வார்த்தாலன்றி நூல் முற்றுப்பெறாது.

எஃகு முனையில் எழுத்தைக் கையாற் செதுக்கி, அதனைச் செம்பில் அழுத்திப் பள்ளமாக்கி, அப்பள்ளத்தில் உருக்கிய ஈயத்தை வார்ப்பது அக்கால வழக்கம். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் வட்டாரத் தொழிற்சாலைகளில் உலோகத்தோடு பழகும் அன்பர்கள் இதன் அருமையை எளிதில் உணர்வர். அவ்வாறு வார்த்தற்குரிய ஈயம் எதிர்பாராத இடத்திற் கிடைத்தது. இங்கிலாந்திலிருந்து சங்கத்தார் அனுப்பிய செசயர் பாற்கட்டிகளை மூடியிருந்த ஈயத் தகடுகளை உருக்கி, ஆட்லர் என்னும் வினைஞர் சிற்றெழுத்துக்களை வார்த்தார். முற்பகுதி பெரிய எழுத்தாலும் எஞ்சியது சிற்றெழுத்தாலும் அமைய, புதிய ஏற்பாடு 1715இல் நிறைவுற்றது. தின்பண்டத்தின் மூடி தமிழுக்கு உடலாயிற்று!

1835இல் அச்சகத் தடை நீங்கியபின் நம்மவரும் இக்கலையைக் கைக்கொண்டனர். திருவாவடுதுறை ஆதீனத்தில் 1849இல் நாவலர் எனப் பட்டம் பெற்ற யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர், அவ்வாண்டிலேயே சென்னையில் அச்சியந்திரம் வாங்கிச் சென்று வண்ணார்பண்ணையில் நிறுவினார். ஏடுகளை ஒப்புநோக்கிப் பிழை களைந்து சைவ நூல்களை அச்சேற்றினார். 1852இல் பெரியபுராண வசனம் வெளிவந்தது. சிலர் வீட்டு ஏட்டில் அடங்கியிருந்த அடியார் வரலாறு பலர் கைக்கு எட்டியது.

எழுத்தைக் காத்தது கல்லின் உறுதியன்று, ஈயத்தின் உயர்வுமன்று. அழியவிடலாகாது என்னும் மக்களது உறுதியே. கோயிற்சுவரைத் தூய்மை செய்யுங்கால் மணல் வீச்சினாலும், புதுக்குங்கால் உளியினாலும் பழைய எழுத்து ஒருமுறை தேய்ந்தால் பின்னர் மீளாது. ஆதலின் கல்லைத் தொடுமுன் கல்வெட்டைப் படியெடுப்பித்தலும் திருப்பணியே ஆகும். இராசராசன் காட்டிய நெறி அது.