மலாக்காவில் முட்டையிடும் ஆமை போவது எங்கே? ஒரு சின்ன டேக் சொல்லும் பதில்

நீங்கள் ஜாசின்காரரா? அப்படியென்றால் கடல் உங்களுக்குத் தூரமில்லை. உம்பாய், செர்காம், மெர்லிமாவ் எல்லாமே உங்கள் மாவட்டம்தான். உம்பாயில் சுட்ட மீன் சாப்பிடப் போகும்போது எதிரே தெரிகிறதே மலாக்கா நீரிணை, அதில் வந்து போகும் ஓர் ஆமை உலக அளவில் அழிவின் விளிம்பில் இருக்கிறது. மலாய் மொழியில் அதன் பெயர் பென்யு காரா. தமிழில் அழுங்காமை.

தீபகற்ப மலேசியாவில் இந்த ஆமை அதிகமாக முட்டையிடுவது மலாக்கா கடற்கரைகளில்தான். முட்டையிட்டு முடித்ததும் அது கடலுக்குள் போய்விடும். அதன் பிறகு எங்கே இருக்கிறது? இதைக் கண்டுபிடிக்கத்தான் டேக் போடுகிறார்கள்.

டேக் என்றால் என்ன?

டேக் என்பது எண் பொறித்த ஒரு சின்ன உலோகப் பட்டை. முட்டையிட்டு முடித்த தாய் ஆமையின் முன் துடுப்பில் அதை மாட்டுவார்கள். கடல் உப்பில் துருப்பிடிக்காத உலோகம் என்பதால் பல ஆண்டுகள் தாங்கும். உடலின் நீளம், தேதி, இடம் ஆகியவற்றையும் அந்த எண்ணோடு சேர்த்துப் பதிவு செய்வார்கள். வேலை அவ்வளவுதான்.

இன்னொரு வகை, அரிசி மணி அளவுள்ள மின்னணுச் சில்லு. அதைத் தோலுக்கு அடியில் செலுத்துவார்கள். ஸ்கேனரை அருகில் கொண்டுபோனால்தான் எண் தெரியும்.

இந்த முறை ஆமைகளுக்கு மட்டும் இல்லை. அமெரிக்கா, கனடா நாட்டு ஏரிகளிலும் ஆறுகளிலும் வாழும் மஸ்கி மீன்களுக்கும் இப்படித்தான் டேக் போடுகிறார்கள். தூண்டிலில் அதைப் பிடிப்பவர் எண்ணைக் குறித்துக்கொண்டு, மீனை மறுபடி தண்ணீரில் விட்டு, அதிகாரிகளுக்குத் தகவல் சொல்வார். மீன் ஒரு நீர்நிலையிலிருந்து இன்னொன்றுக்குப் போனதா என்பது அப்போதுதான் தெரியவரும்.

ஒரு எண், 3,500 கிலோமீட்டர்

2021-இல் இந்தியாவின் கிழக்குக் கரையில் உள்ள ஒடிசாவில் ஒரு பங்குனி ஆமைக்கு டேக் போட்டார்கள். எண் 03233. 2025 ஜனவரியில் அதே ஆமை மேற்குக் கரையில், மகாராஷ்டிராவின் குஹாகர் கடற்கரையில் முட்டையிட வந்தது. இடைப்பட்ட கடல் தூரம் சுமார் 3,500 கிலோமீட்டர்.

கிழக்குக் கரை ஆமைகளும் மேற்குக் கரை ஆமைகளும் தனித்தனிக் கூட்டங்கள் என்ற எண்ணத்தை இந்த ஒரு எண் அசைத்துவிட்டது. ஆனால் அந்த ஆமை எந்த வழியாகப் போனது? டேக் அதைச் சொல்லாது. முதலில் பார்த்த இடம், மறுபடி பார்த்த இடம், இந்த இரண்டு மட்டும்தான் அதற்குத் தெரியும்.

மலாக்கா ஆமைகள் போவது எங்கே?

வழியையும் தெரிந்துகொள்ள வேண்டுமானால் செயற்கைக்கோள் கருவி தேவை. அதை ஆமையின் ஓட்டில் ஒட்டுவார்கள். மூச்சு வாங்க ஆமை மேலே வரும்போதெல்லாம் கருவி சிக்னல் அனுப்பும். விலை அதிகம் என்பதால் சில ஆமைகளுக்குத்தான் பொருத்த முடிகிறது.

மலாக்காவில் இப்படிக் கண்காணித்த அழுங்காமைகள் தெற்கே நீந்தி, சிங்கப்பூர் கடல் பகுதிக்கும் இந்தோனேசியாவின் ரியாவ் தீவுகளுக்கும் போயின. அங்கேதான் இரை தேடுகின்றன. சரி, இதனால் நமக்கு என்ன? மலாக்காவில் நாம் முட்டைகளை எவ்வளவு கவனமாகப் பாதுகாத்தாலும், தாய் ஆமை வேறொரு நாட்டு வலையில் சிக்கிவிட்டால் பலன் பாதியாகிவிடும். அழுங்காமையைக் காப்பாற்ற மூன்று நாடுகளும் சேர்ந்தால்தான் முடியும்.

400 கூடு என்றால் 400 ஆமையா?

இல்லை. அழுங்காமை ஒரே பருவத்தில் ஏறக்குறைய இரண்டு வார இடைவெளியில் மூன்று முதல் ஐந்து முறை முட்டையிடும். சராசரி நான்கு என்று வைத்துக்கொண்டால், 400 கூடுகளுக்குப் பின்னால் இருப்பது சுமார் 100 தாய் ஆமைகள்தான். அடுத்த ஆண்டே அவை திரும்பி வருவதும் இல்லை. பொதுவாகச் சில ஆண்டுகள் இடைவெளி விடும். வந்தது புது ஆமையா பழைய ஆமையா என்று காட்டிக்கொடுப்பது டேக் எண்தான்.

திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கடற்கரையை நினைத்துப் பாருங்கள். 1950-களில் அங்கே ஆண்டுக்குச் சுமார் 10,000 தோணி ஆமைக் கூடுகள் இருந்தன. முட்டைகளை எடுத்து விற்றார்கள். கடலில் ஆமைகள் வலைகளில் சிக்கி இறந்தன. 2000-களில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் மிஞ்சின.

நீங்கள் பார்த்தால் என்ன செய்வது?

* ஆமைக்கு முன்னால் போகாதீர்கள். டார்ச், ஃபிளாஷ் இரண்டும் வேண்டாம்.
* கடலுக்குத் திரும்பும்போது டேக் எண் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். எண்ணைப் பார்ப்பதற்காக ஆமையைப் பிடிக்கவோ நிறுத்தவோ கூடாது.
* டேக்கைக் கழற்றாதீர்கள். கழற்றினால் அந்த ஆமையின் பதிவு அதோடு அறுந்துபோகும்.
* இறந்து ஒதுங்கிய ஆமையில் டேக் இருந்தாலும் சொல்லுங்கள். அந்தத் தகவலுக்கும் மதிப்பு உண்டு.
* தேதி, நேரம், இடம் எல்லாவற்றையும் மீன்வளத் துறைக்குத் தெரிவியுங்கள்.

நேரில் தெரிந்துகொள்ள ஆசையா? மஸ்ஜிட் தானா அருகே பாடாங் கெமுந்திங்கில் மீன்வளத் துறையின் ஆமைப் பாதுகாப்பு, தகவல் மையம் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஒருமுறை போய் வாருங்கள்.

டேக் மாட்டுபவர் செய்வது பாதி வேலைதான். அதை மறுபடி பார்த்து, எண்ணைச் சொல்பவர்தான் மீதியை முடிக்கிறார். அடுத்த முறை அது நீங்களாகவும் இருக்கலாம்.