நடக்கவே முடியாதுன்னு சொன்ன கால்கள்

வேலை வெட்டி இல்லாத ஞாயித்துக்கிழமைகள்ல எனக்கு ஒரு கிறுக்குப் பழக்கம் உண்டு. மேப்பைத் திறந்து வச்சுக்கிட்டு, வாழ்நாள்ல போகவே போகாத ஊர்களோட தெருப்பெயர்களைப் படிச்சுட்டே இருப்பேன். அப்படித்தான் ஒரு நாள் இங்கிலாந்தின் கிழக்குக் கரையில இருக்கற ஹல் என்ற துறைமுக நகரத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். ஹம்பர் பாலத்துப் பக்கத்திலிருந்து ஊருக்குள்ளே போற பிரதான சாலைக்கு 'கிளைவ் சலிவன் வே'ன்னு பெயர்.

யாருப்பா இந்த சலிவன்? பிரபுவா? போர்த் தளபதியா? மேயரா? தேடிப் பார்த்தா ஒரு ரக்பி ஆட்டக்காரர். சொந்த ஊர்க்காரர் கூட இல்லை, வேல்ஸிலிருந்து பிழைக்க வந்தவர். அதிலும் கறுப்பினத்தவர். வெள்ளைக்கார மீனவர்களும் கப்பல்துறைத் தொழிலாளிகளும் நிறைஞ்ச ஒரு ஊர், தன் தலைவாசல் சாலைக்கு இவர் பேரை ஏன் வச்சது? அதுதான் இந்தப் பதிவு.

கதைக்கு முன்னாடி ஒரு சின்ன முன்கதை அவசியம். ரக்பியில ரெண்டு வகை இருக்கு. நம்மில் பலருக்குத் தெரிஞ்சது ரக்பி யூனியன், ஆளுக்கு 15 பேர். இன்னொண்ணு ரக்பி லீக், 13 பேர். ரெண்டும் ஒரே குடும்பமாத்தான் இருந்தது. பாகப்பிரிவினைக்குக் காரணம்? வேறென்ன, காசுதான்!

இங்கிலாந்தின் வடக்குப் பகுதியில ஆடினவங்க பெரும்பாலும் சுரங்கத்திலும் மில்லிலும் வேலை செய்தவங்க. ஆட்டத்துக்குப் போனா அன்னிக்குக் கூலி போச்சு. அந்தக் கூலியை மட்டுமாவது கொடுங்கய்யான்னு வடக்கத்தி கிளப்புகள் கேட்டதுக்கு, "காசு வாங்கினா அது விளையாட்டே இல்லை"ன்னு மேல்தட்டு நிர்வாகிகள் மறுத்துட்டாங்க. 1895 ஆகஸ்ட் 29 அன்னிக்கு ஹடர்ஸ்ஃபீல்ட் ஊரில் ஜார்ஜ் ஹோட்டல்ல கூடின கிளப்புகள் தனிக்குடித்தனம் போயிட்டாங்க. அதுதான் பின்னால ரக்பி லீக் ஆச்சு. யூனியன் விடலை. லீக் பக்கம் போனவங்களை ஜாதியை விட்டுத் தள்ளி வைக்கிற மாதிரி தள்ளி வச்சாங்க. ஒரே ஒரு தேர்வு ஆட்டம் ஆடினாலும் போச்சு, யூனியன் கதவு மூடிடும். 1995 வரைக்கும் இதே கதைதான்.

ஆட்டம் எப்படின்னா, நம்ம கபடியில பாடி வர்றவனை மடக்கிப் பிடிக்கிற மாதிரி, பந்தோட ஓடி வர்றவனைப் பிடிச்சுக் கீழே சாய்க்கணும். சாய்க்க முடியாம அவன் கோட்டைத் தாண்டிப் போய்ப் பந்தைத் தரையில் வச்சுட்டா அதுக்கு டிரைன்னு பேர். அப்போ அதுக்கு 3 புள்ளி, 1983-லிருந்து 4. ஓரத்தில் நின்னு மின்னலா ஓடி டிரை அடிக்கிறவர் விங்கர். நம்ம சலிவன் விங்கர்.

இனி ஆளுக்கு வருவோம். பிறந்தது 1943 ஏப்ரல் 9, வேல்ஸின் கார்டிஃப் நகரத்தில் ஸ்ப்லாட் பகுதி. சின்ன வயசிலேயே கால், பாதம், தோள்பட்டைன்னு வரிசையா அறுவை சிகிச்சைகள். இந்தப் பையன் ஒழுங்கா நடக்கறதே சந்தேகம்ங்கற நிலைமை. ஆட்டமெல்லாம் கனவிலும் கிடையாதுன்னு முடிவு பண்ணிட்டு, வளர்ந்ததும் ராணுவத்துல சேர்ந்துட்டார்.

யார்க்‌ஷயரில் கேட்டரிக் முகாம். படைப்பிரிவுகளுக்கு இடையே ஒரு ரக்பி ஆட்டம், இவர் பேரையும் சேர்த்துட்டாங்க. மாட்டேன்னு சொன்னா பழைய ஆபரேஷன் விவரமெல்லாம் வெளியே வரும், வேலைக்கே உலை. அதனால ஒரு திட்டம் போட்டார்: இறங்குவோம், யார் கண்ணிலும் படாம நிப்போம், கொஞ்ச நேரத்துல அடிபட்ட மாதிரி நடிச்சு வெளியே வந்துடுவோம். (ஸ்கூல் டிரில் பீரியட்ல நான் செஞ்ச அதே வேலை!) ஆனா பந்து கைக்கு வந்ததும் திட்டம் மறந்து போச்சு. ஓட ஆரம்பிச்சவர் நின்னது மறுகோடியில டிரை வச்ச பிறகுதான். முக்கியமான விஷயம், கால் வலிக்கவே இல்லை.

உடனே ராஜபாட்டை திறந்துச்சுன்னு நினைக்காதீங்க. பிராட்ஃபோர்ட் நார்தர்ன் கிளப்புல தேர்வு ஆட்டம் ஆட விட்டுப் பார்த்துட்டு, வேண்டாம்னு அனுப்பிட்டாங்க. அடுத்து ஹல் எஃப்.சி. கிளப். 1961 டிசம்பர் 9, பிராம்லி அணிக்கு எதிரான ஆட்டம். அணிப் பட்டியல்ல இவரோட பேரே இல்லை, "இன்னொருவர்"ன்னு மட்டும் போட்டிருந்தது. தேர்வு ஆட்டம்னா பேரை மறைக்கிறது அந்தக் கால வழக்கம். தேறலைன்னா ஆள் யூனியனுக்குத் திரும்பிப் போக வழி வேணும் இல்லையா? அந்தப் பேரில்லாத 18 வயசுப் பையன் அன்னிக்கு மூணு டிரை போட்டான். கிளப் உடனே ஒப்பந்தம் போட்டுடுச்சு.

இங்கே கவனிக்க வேண்டிய ஆள், அப்போ ஹல் எஃப்.சி. பயிற்சியாளரா இருந்த ராய் ஃபிரான்சிஸ். அவரும் வேல்ஸ்காரர், அவரும் கறுப்பினத்தவர். பிரிட்டனில் தொழில்முறை அணி ஒண்ணுக்குப் பயிற்சியாளரான முதல் கறுப்பினத்தவர் அவர்தான். 1946-ல் பிரிட்டன் அணி ஆஸ்திரேலியா போனப்ப, அங்கே இருந்த நிறவெறிச் சட்டத்தை மனசில் வச்சு, தகுதி இருந்தும் அவரைக் கூட்டிட்டுப் போகலை. 1957-ல் அதே மாதிரி இன்னொண்ணு. உலகக் கோப்பை முடிஞ்சு தென்னாப்பிரிக்காவுக்குக் காட்சி ஆட்டம் ஆடப்போன அணியோட, டிரை மேல டிரையாக் குவிச்சுக்கிட்டிருந்த கார்டிஃப் விங்கர் பில்லி பாஸ்டன் போகலை. அவரும் கறுப்பினத்தவர்தான். ஆக, லீக் ஒண்ணும் சொர்க்கம் இல்லை. ஆனா ஓடத் தெரிஞ்சவனுக்குக் கூலி கொடுத்துச்சு, கறுப்பினத்தவர் ஒருத்தரைப் பயிற்சியாளர் நாற்காலியிலும் உட்கார வச்சது. அந்தக் காலத்துக்கு அதுவே பெரிசு.

ஒப்பந்தம் போட்டும் சலிவனுக்கு நிம்மதி இல்லை. 1964 வரைக்கும் ராணுவப் பணி இருந்ததால நிறைய ஆட்டங்கள் கையை விட்டுப் போச்சு. முழங்காலில் மறுபடி மறுபடி அறுவை சிகிச்சை. 1963 அக்டோபர்ல ஒரு கார் விபத்து, உயிர் பிழைச்சதே பெரிசு. இத்தோட முடிஞ்சதுன்னு ஊரே நினைச்சிருக்கும். மூணே மாசத்துல ஆள் மறுபடி களத்துல!

அதுக்கப்புறம் ஏறுமுகம். 1967-ல் கிரேட் பிரிட்டன் அணியில் இடம். 1968 ஏப்ரல்ல டான்காஸ்டர் அணிக்கு எதிரா ஒரே ஆட்டத்தில் 7 டிரை, இது ஹல் எஃப்.சி.யின் சாதனை. அதே வருஷம் உலகக் கோப்பையில் நியூசிலாந்துக்கு எதிரா மூணு டிரை. 1972-ல் பிரிட்டன் அணிக்கே கேப்டன்.

கொஞ்சம் நிறுத்தி யோசிங்க. பிரிட்டனின் எந்த விளையாட்டாக இருந்தாலும் சரி, தேசிய அணிக்குத் தலைமை தாங்கின முதல் கறுப்பினத்தவர் இவர்தான்னு சொல்றாங்க. இங்கிலாந்து கால்பந்து அணியில் விவ் ஆண்டர்சன் என்ற கறுப்பின வீரர் இடம் பிடிச்சதே 1978-லதான். பால் இன்ஸ் அந்த அணிக்குக் கேப்டனா இறங்கினது 1993. சலிவன் அவருக்கு 21 வருஷம் முன்னாடி!

1972 நவம்பர் 11, பிரான்ஸின் லியோன் நகரம். உலகக் கோப்பை இறுதி ஆட்டம், எதிரணி ஆஸ்திரேலியா. சலிவன் தன் பகுதியிலேயே பந்தோட கிளம்பினார். களத்தின் ஏறத்தாழ முழு நீளத்தையும் ஓடிக் கடந்து டிரை. ஒழுங்கா நடக்கவே மாட்டான்னு நினைச்ச அதே கால்கள்! அதிர்ஷ்டமும் கை கொடுத்துச்சுன்னு சொல்லணும். ஆஸ்திரேலியாவின் லாங்லண்ட்ஸ் பாய்ந்து பிடிச்சு வச்ச அருமையான டிரை ஒண்ணை நடுவர் ஆஃப்சைடுன்னு செல்லாதுன்னுட்டார். கடைசிக் கட்டத்தில் மைக் ஸ்டீஃபன்சன் இன்னொரு டிரை போட்டு சமன் பண்ண, 10-10. கூடுதல் நேரத்திலும் யாருக்கும் புள்ளி கிடைக்கலை. லீக் சுற்றுல முதலிடத்துல இருந்ததால கோப்பை பிரிட்டனுக்கு. 2022 வரைக்கும் நடந்த உலகக் கோப்பைகள் எதிலும் பிரிட்டனோ இங்கிலாந்தோ அதுக்கப்புறம் ஜெயிக்கலை. கடைசியா தூக்கினது சலிவன் கைதான்.

இவ்வளவு பெரிய நாள். மைதானத்துல எத்தனை பேர் இருந்திருப்பாங்க? நாலாயிரத்துச் சொச்சம். நம்ம ஊர்ல மாரியம்மன் கோவில் தேருக்கு இதைவிடக் கூட்டம் வரும். படிக்கும்போது எனக்கு மனசு கஷ்டமாயிடுச்சு. வாழ்க்கையின் உச்சியில் நிக்கிற மனுசன் சுத்தி முத்திப் பார்த்தா காலி நாற்காலிங்க!

1974-ல் எம்.பி.ஈ. விருது கிடைச்சது. அதே வருஷம் ஹல் எஃப்.சி.யிலிருந்து விடைபெற்றார். 352 ஆட்டம், 250 டிரை. போன இடம் எது தெரியுமா? அதே ஊரின் எதிரிக் கிளப், ஹல் கிங்ஸ்டன் ரோவர்ஸ். ஹல்லில் ஊரின் மேற்குப் பக்கம் எஃப்.சி., கிழக்குப் பக்கம் ரோவர்ஸ். மாமன் மச்சானுக்குள்ளேயே பேச்சு நின்னு போற அளவுக்குப் போட்டி. வயசோ 31, விங்கருக்கு அது சாயங்கால நேரம். ஆனா அங்கேயும் 213 ஆட்டத்தில் 118 டிரை. ரெண்டு பக்கமும் நூறு தாண்டினவரை எந்தப் பக்கம்தான் வெறுக்க முடியும்?

1980 மே 3. லண்டன் வெம்ப்ளியில் சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம், மோதினது ரெண்டு ஹல் அணிகளும். ஊரே காலி. கடைசியாப் போறவங்க லைட்டை அணைச்சுட்டுப் போங்கன்னு சாலையோரம் எழுதி வச்சாங்கன்னு இன்னிக்கும் சொல்லிச் சிரிக்கிறாங்க. ரோவர்ஸ் 10-5 என்று ஜெயிச்சது, 37 வயசு சலிவன் அந்த அணியில்.

அதோட முடியலை. கொஞ்ச நாள் ஓல்டம் அணியில் இருந்துட்டு, எஃப்.சி.க்கே திரும்பிப் பயிற்சிக் குழுவில் சேர்ந்தார். 1982 சேலஞ்ச் கோப்பை இறுதி ஆட்டம் விட்னஸ் அணியோட சமன் ஆக, லீட்ஸில் மறு ஆட்டம். விங்கர் டேன் ஓஹாராவால் ஆட முடியலை. யாரைக் கூப்பிடறது? 39 வயசுப் பயிற்சியாளர் பூட்ஸைக் கட்டிக்கிட்டு இறங்கினார். ஹல் 18-9. கோப்பை!

இப்ப மனசைத் திடப்படுத்திக்குங்க. 1985 அக்டோபர் 8, புற்றுநோயில் கிளைவ் சலிவன் இறந்துட்டார். வயசு 42. மொத்தம் 639 ஆட்டம், 406 டிரை. கத்தி, கார், முழங்கால் எல்லாத்தையும் ஓடியே தாண்டின மனுசனால இதைத் தாண்ட முடியலை. ஒண்ணுக்கொண்ணு முகம் திருப்பிக்கிற ரெண்டு பக்கத்து மக்களும் சேர்ந்து அழுதது அவருக்காகத்தான். அதுக்கப்புறம்தான் அந்தச் சாலைக்கு அவர் பேர் வந்தது.

இன்னும் ரெண்டு விஷயம். மகன் ஆந்தனியும் விங்கர்தான். லீக்ல பேர் வாங்கிட்டு, 2001-ல் வேல்ஸ் யூனியன் அணிக்கும் ஆடினார். 'இன்னொருவர்'ன்னு பேரை மறைச்சுக்கிட்டு அப்பா இறங்கின காலம் போய், மகன் சொந்தப் பேரிலேயே ரெண்டு வாசலிலும் நுழைஞ்சார். அடுத்தது 2023 ஜூலையில் கார்டிஃப் துறைமுகப் பகுதியில் மூணு பேருக்குச் சிலை வச்சது: பில்லி பாஸ்டன், கஸ் ரிஸ்மன், கிளைவ் சலிவன். பிழைப்புக்கு வடக்கே போன பிள்ளைகளைச் சொந்த ஊர் திரும்பக் கூப்பிட இத்தனை வருஷம் ஆகியிருக்கு.

பதிவை எழுதும்போது எனக்குத் தோணினது இதுதான். உலகக் கோப்பையைத் தூக்கினப்போ பார்க்க ஆள் இல்லை. ஆனா வாரா வாரம் மழையிலும் சேத்திலும் ஓடினதைப் பார்த்த ஒரு ஊர் இருந்தது. நாடு கண்டுக்காம விட்டதை அந்த ஊர் கண்டுகிச்சு. மழை பெஞ்சாலும் வெயில் அடிச்சாலும் ஹல்லுக்குள்ளே வர்ற லாரிகளெல்லாம் இன்னிக்கும் அந்தப் பேர் மேலதான் ஓடிட்டு இருக்கு.

உங்க ஊர்த் தெருப் பெயர்கள்லயும் இப்படி ஒரு ஆள் ஒளிஞ்சிருக்கலாம். தெரிஞ்சா பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க.

டிஸ்கி: ரக்பி பந்தை நான் இதுவரை கையால தொட்டது கூட இல்லை. ஆட்ட நுணுக்கம் தெரிஞ்ச மகராசனுங்க கோவிச்சுக்காம பொறுத்துக்குங்க :-)