காசநோய் மாத்திரை, கால் எரிச்சல், சூரை மீன்: நோயாளிகள் வாய் திறந்ததால தெரிஞ்ச வரலாறு

1/ வடசென்னையில ஒரு அரசு மருத்துவமனையில வேலை பாக்குறேன். ராயபுரம், காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர்ப் பக்கத்து ஜனங்கதான் என் ஓபியில அதிகம். லோடு ஏத்துறவங்க, போட்டுல கடலுக்குப் போறவங்க, கம்பெனி கான்ட்ராக்ட் தொழிலாளிங்க. காசநோய் மாத்திரை எழுதாத வாரமே கிடையாது.

2/ சில வருஷம் முன்னாடி போட்டுல போற ஒரு அண்ணனுக்கு சிகிச்சை ஆரம்பிச்சேன். அஞ்சு மாசம் கழிச்சு இருமல்ல ரத்தத்தோட வந்தார். "மாத்திரை என்னாச்சுண்ணா?"ன்னு கேட்டேன். "ரெண்டாவது நாளே ஒன்னுக்கு செவப்பா போச்சு சார். கிட்னி போயிடும்னு பயந்து விட்டுட்டேன்"ன்னார். அதுக்குள்ள வீட்ல அவர் பொண்ணுக்கும் தொத்தியிருந்துச்சு.

3/ ரிஃபாம்பிசின் மாத்திரை சாப்பிட்டா சிறுநீர், வியர்வை, கண்ணீர் எல்லாம் ஆரஞ்சு நிறமாகும். அது மருந்தோட நிறம். கிட்னிக்கு ஒன்னும் ஆகாது. இந்த ஒரு வரியை முதல் நாளே நான் சொல்லியிருக்கணும். கூட்டத்துல சொல்லாம விட்டுட்டேன். தப்பு என்னோடது. அதனாலதான் இந்தப் பதிவு.

4/ பக்கவிளைவை நோயாளி சொன்னா என்ன நடக்கும்ங்கறதுக்கு நம்ம ஊர்லயே ஒரு வரலாறு இருக்கு. காசிமேட்டிலிருந்து ரொம்ப தூரமில்ல, சேத்துப்பட்டுலதான்.

5/ 1950கள் வரைக்கும் காசநோய்னா சானடோரியம்தான். தாம்பரம் சானடோரியத்தை டாக்டர் சௌரி முத்து 1928-ல் ஆரம்பிச்சார். நல்ல காத்து, ஓய்வு, சத்தான சாப்பாடு. ஆனா நோயாளிகளோட எண்ணிக்கைக்கு படுக்கை எங்க இருக்கு? மாசக்கணக்குல அங்க படுத்தா கூலிக்காரன் வீட்ல அடுப்பு எரியுமா?

6/ ஐசோனியசிட் 1912-லயே ஆய்வகத்துல செஞ்ச பொருள்தான். அது காசநோய்க் கிருமியைக் கொல்லும்ங்கறது 1950களோட தொடக்கத்துலதான் தெரிஞ்சது. விலை மலிவு, வாய்வழி மாத்திரை. அப்போ ஒரு கேள்வி வந்துச்சு: வீட்லயே வச்சு குணப்படுத்த முடியுமா?

7/ இதுக்குப் பதில் தேடத்தான் 1956-ல் மெட்ராஸ்ல காசநோய் மருந்து சிகிச்சை ஆராய்ச்சி மையம் வந்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் நாலும் சேர்ந்து நடத்தினாங்க. பிரிட்டன்லேர்ந்து வந்த டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முன்னின்று நடத்தினார். இன்னைக்கு அதுதான் சேத்துப்பட்டு தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்.

8/ நெரிசலான வீடுகள்ல வாழ்ந்த ஏழை நோயாளிகள் 193 பேர். குலுக்கல் முறையில பாதிப் பேருக்கு வீட்ல சிகிச்சை, மீதிப் பேருக்கு சானடோரியம். ரெண்டு பக்கமும் ஒரே மாத்திரைகள்: ஐசோனியசிட், பாஸ். ஒரு வருஷ முடிவுல நோய் அடங்கினவங்க வீட்ல 86 சதவீதம், சானடோரியத்துல 92 சதவீதம். வீட்ல இருந்தவங்களோட குடும்பத்துக்கு கூடுதலா தொத்தவும் இல்ல. 1959-ல் முடிவு வந்ததும் உலகமே காசநோய் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுபோக ஆரம்பிச்சது.

9/ இதுல யாரும் அதிகம் பேசாத ஒரு பகுதி இருக்கு. வீட்ல மாத்திரை நிஜமாவே உள்ள போகுதான்னு பாக்க, சொல்லாமக் கொள்ளாம வீட்டுக்குப் போய் மாத்திரையை எண்ணினாங்க, சிறுநீரைச் சோதிச்சாங்க. சிலர் சாப்பிடறதில்லன்னு தெரிஞ்சது. கண் முன்னாடி விழுங்க வைக்கிற முறைக்கான விதை இங்கதான் விழுந்துச்சு.

10/ அடுத்து வந்த ஆய்வுல ஐசோனியசிட்டை மட்டும் வெவ்வேறு அளவுல கொடுத்துப் பாத்தாங்க. இன்னைக்கு பெரியவங்களுக்கு தினம் கிலோவுக்கு சுமார் 5 மி.கி. அன்னைக்கு சில குழுக்களுக்கு அதைவிட நல்லாவே அதிகம். அப்போ சிலர் சொன்னாங்க: "பாதம் எரியுது, மரத்துப்போகுது, ஊசி குத்துற மாதிரி இருக்கு."

11/ "சத்துக்குறைவு, சரியாயிடும்"னு அதை ஒதுக்கியிருக்கலாம். அவங்க எழுதி வச்சாங்க, ஆராய்ஞ்சாங்க. 1960-ல் அறிக்கை வெளியாச்சு. ஐசோனியசிட்டை உடம்பு மெதுவா செயலிழக்க வைக்கிறவங்க உண்டு, வேகமா வைக்கிறவங்களும் உண்டு. அது பிறவியிலேயே அமையறது. நரம்பு பாதிப்பு பெரும்பாலும் மெதுவானவங்களுக்குத்தான் வந்துச்சு. தென்னிந்தியர்கள்ல பாதிக்கும் மேல அந்த வகைதான்.

12/ காரணம், ஐசோனியசிட் உடம்புல இருக்கற பைரிடாக்சினை, அதாவது வைட்டமின் பி6-ஐ, வேலை செய்ய விடாது. நரம்புக்கு அது வேணும். எவ்வளவு கொடுத்தா போதும்? 1963-ல் அதே மெட்ராஸ் மையம் காட்டினது: தினம் வெறும் 6 மி.கி. கொடுத்தாலே தடுக்கலாம். மாத்திரை அட்டையோட ஒரு குட்டி வைட்டமின் மாத்திரை தர்றோமே, அது சும்மா "சத்து மாத்திரை" இல்ல. அதுக்குப் பின்னாடி காலெரிச்சலை வாய்விட்டுச் சொன்ன மெட்ராஸ்காரங்க இருக்காங்க.

13/ அடுத்த கதை நம்ம மீன் சாப்பிடற ஜனங்களுக்கு. 1977-ல் இலங்கையிலிருந்து டாக்டர் உரகொட குழு ஒரு கட்டுரை வெளியிட்டாங்க. ஐசோனியசிட் எடுக்கறவங்க சில மீன்களைச் சாப்பிட்டதும் முகம் சிவந்து, தலைவலி, படபடப்பு, வாந்தின்னு வந்தாங்க. மீனைத் தேடிப் போனப்போ கிடைச்சது சூரை வகை.

14/ சூரை, கானாங்கெளுத்தி, மத்தி மாதிரி மீனை ஐஸ்ல வைக்காம விட்டா அதுல ஹிஸ்டமின் சேரும். சமைச்சாலும் அது போகாது. சாதாரணமா நம்ம குடல்ல இருக்கற ஒரு நொதி அதை உடைச்சிடும். ஐசோனியசிட் அந்த நொதியைத் தடுக்குது. அதுக்காக மீனை விட வேண்டாம், புரதம் உங்களுக்கு ரொம்ப அவசியம். புதுசா, ஐஸ்ல வச்ச மீனா வாங்குங்க. வெயில்ல கிடந்த சூரை வேண்டாம். சாப்பிட்டு இப்படி ஆச்சுன்னா மாத்திரையை விடாம எங்ககிட்ட வாங்க. மூச்சுத் திணறினா உடனே அவசரப் பிரிவு.

15/ மத்ததும் சுருக்கமா:
• ஆரஞ்சு சிறுநீர்: பயம் வேண்டாம், தொடருங்க.
• கால் எரிச்சல், மரத்துப்போறது: சீக்கிரம் சொல்லுங்க. குடிப்பழக்கம், சர்க்கரை, கர்ப்பம், ஹெச்ஐவி இருந்தா முதல் நாளே சொல்லுங்க.
• மூட்டு வலி: பெரும்பாலும் பைரசினமைட் வேலை. வலிக்கு மருந்து இருக்கு.
• பார்வை மங்கல், சிவப்பு பச்சை குழப்பம்: எத்தாம்புட்டால் காரணமா இருக்கலாம். அன்னைக்கே வாங்க.
• கண் மஞ்சள், பசி சுத்தமா இல்ல, விடாத வாந்தி: கல்லீரல் எச்சரிக்கை. இங்க மட்டும் மாத்திரையை நிறுத்திட்டு அன்னைக்கே வாங்க. எப்போ, எதை, எந்த வரிசையில திரும்ப ஆரம்பிக்கணும்னு நாங்க சொல்வோம்.
• கருத்தடை மாத்திரையை ரிஃபாம்பிசின் வேலை செய்ய விடாது. வேற வழி கேளுங்க. ரத்தம் உறையாம இருக்கற மருந்து, சர்க்கரை மாத்திரை எடுத்தாலும் சொல்லுங்க.
• சாராயம் வேண்டாம். இந்த மருந்துகளோட அது கல்லீரலுக்கு ரெட்டைச் சுமை.

16/ பாதியில விட்டா கிருமி சாகாது, மருந்துக்குப் பழகிக்கும். அப்புறம் நீண்ட, கடினமான சிகிச்சை.

17/ அந்த அண்ணன் திரும்ப ஆரம்பிச்சு முழுசா முடிச்சார். பொண்ணும் நலம். இப்போ புதுசா வர்றவங்களுக்கு மாத்திரையைக் கையில கொடுக்கறதுக்கு முன்னாடி ஒன்னு சொல்றேன்: "நாளைக்கு செவப்பா போகும், பயப்படாதீங்க. வேற எது வந்தாலும் விட்டுட்டுப் போயிடாதீங்க, என்கிட்ட வந்து சொல்லுங்க."

18/ சேத்துப்பட்டுலயும் இலங்கையிலயும் நோயாளி சொன்னாங்க, டாக்டர் கேட்டாங்க. அவ்வளவுதான் நடந்தது. உங்க வீட்ல, உங்க தெருவுல யாராவது அட்டையை ஒளிச்சு வச்சிருந்தா திட்டாதீங்க. "என்ன பண்ணுது?"ன்னு கேளுங்க. அப்புறம் கூட்டிட்டு வாங்க. நிக்ஷய் இலவச உதவி எண்: 1800-11-6666.